எழுந்தருளாத ராணி

போன வாரம் ராணி சிடோனியை ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்து, அழவிட்டு வந்துவிட்டோம். ஏழு நாளாக அழுதுகொண்டிருப்பாளே என்று வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். அழுதது ஒரு ராத்திரிதான். விடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துவிட்டாள். அழுத முகத்தோடு காலைக் காப்பிக்கு வருவது அரண்மனை விதிப்படி தப்பு.

அந்தப் பெட்டி அவள் மகன், ஏழு வயது இளவரசன் ஹூபர்ட்டுடையது. உள்ளே சட்டைகள், ஒரு முரட்டுக் கம்பளி, ஒரு வேதாகமம். மரக்குதிரை இல்லை. தலையணையும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் தலையணை கிடையாது.

எங்கள் ஆல்டன்ரோடா ராஜ்யத்தில் மார்ட்டின் நாள் என்றால் ஆள் மாறும் நாள். அறுவடை முடிந்து, பனி இறங்குமுன், பண்ணையாட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பழைய எஜமானனிடமிருந்து புது எஜமானனிடம் போவார்கள். அன்று மாலைக் கோயில் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். மணி அடித்துவிட்டால் அடுத்த மார்ட்டின் நாள்வரை பழைய வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் சேர்த்து எல்லா வீட்டிலும் வாத்து வறுபடும்.

இது மாட்டுக்காரனுக்கும் பால்காரிக்கும் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. ராஜ வீட்டுப் பிள்ளைக்கும் அதே நாள்தான். ஏழு வயது முடிந்து வருகிற மார்ட்டின் நாளில் அவன் 'பெண்கள் கை'யை விட்டு 'ஆண்கள் கை'க்குப் போக வேண்டும். அதாவது அரண்மனையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு. நடுவில் ஒரு முற்றம்தான். ஆனால் அதைத் தாண்டிப் பெற்ற தாய் போக வேண்டுமென்றால் ஞாயிறு ஆராதனை முடிந்து கால் மணி நேரம் மட்டும்.

"ஒரு வருஷம் தள்ளிப் போடலாமே, அத்தை. ராத்திரி பயப்படுறான்," என்று கேட்டுப் பார்த்தாள் சிடோனி.

மாமியார், பெரிய ராணி வால்புர்கா, விசிறியை மூடினார். "என் பிள்ளைய நான் அனுப்பலயா? இப்ப அவன் ராஜாவா இல்லையா?"

ராஜாவாகத்தான் இருந்தார் எபர்ஹார்ட். வேறு எதுவாகவும் இருக்க அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் சிடோனியின் கவலை.

ஊர் என்னவோ சிடோனி மேல் உயிரையே வைத்திருந்தது. பீர்க் குவளையில் அவள் முகம். மூக்குப்பொடி டப்பாவில் அவள் முகம். ஒரு முறை நடன விருந்தில் பிளம் ஜாம் மேலே கொட்டிவிட, கறையை மறைக்கச் சமையற்காரியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஆடினாள். மறுவாரம் ஊர்ச் சீமாட்டிகள் அத்தனை பேரும் பட்டு ஏப்ரன் கட்டிக்கொண்டு நடனத்துக்கு வந்தார்கள். ஒரு தையற்காரர் ஜாம் கறையையும் தானே போட்டு விற்றார் என்று கேள்வி. இத்தனை செல்வாக்குள்ள ராணிக்கு, தன் பிள்ளைக்கு ஒரு தலையணை வாங்கித் தரச் செல்வாக்கு இல்லை.

ஆகவே மார்ட்டின் நாள் காலையில் கடைசியாக ஒரு முயற்சி. ராஜா கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் தப்பித்து ஓட முடியாது.

"எபர்."

"ம்."

"நீ அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

(புருஷனை 'நீ' என்கிறாளே என்று புது வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அதற்கான சண்டை மூன்றாம் அத்தியாயத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.)

"எந்த வார்த்தை?"

"வேணாம்னு."

ராஜா யோசித்தார். அது ரொம்ப நீளமான வார்த்தை என்பதுபோல யோசித்தார்.

"வழக்கம்," என்றார்.

சிடோனி அவர் கைகளைப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தூங்கும்போது இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே விறைப்பாக நீட்டி, மல்லாந்து, அணிவகுப்பில் நிற்கிறவர் போலத்தான் தூங்குவார். ஆண்கள் பக்கத்தில் ராத்திரி விளக்கோடு வந்து பிள்ளைகளின் கைகளைப் பார்ப்பார்களாம். உள்ளே இருந்தால் பிரம்பு. ராஜாவாகிப் பல வருடம் ஆகியும், இன்னும் யாரோ விளக்கோடு வருவார்கள் என்று அந்தக் கைகள் காத்திருந்தன.

"நீ போனியே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா?"

ராஜாவின் கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்தது.

"வாசனை," என்றார்.

"என்ன வாசனை?"

அதற்குள் சவரக்காரர் கத்தியோடு உள்ளே வந்துவிட்டார். கழுத்தில் கத்தி இருக்கும்போது மன்னர் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. விதிகளிலேயே அது ஒன்றுதான் உருப்படியானது.

*

நடுப்பகலில் மஞ்சள் மண்டபத்தில் சடங்கு. மண்டபத்தில் மூன்றே மூன்று நாற்காலிகள்: ராஜாவுக்கு, ராணிக்கு, பெரிய ராணிக்கு. மந்திரிகள், பிரபுக்கள், சீமாட்டிகள், போதகர் எல்லோரும் நிற்க வேண்டும். பெரிய நாடுகளில் கிரீடம் இருக்கும். எங்களதுபோன்ற சின்ன நாடுகளில் கிரீடத்தைப் பற்றிய விதிகள் இருக்கும். ராஜாவின் அப்பா வெறும் கோமகனாக இருந்து திடீரென்று ராஜாவானபோது, விதிகள் போதவில்லை என்று பெரிய ராணி தானே உட்கார்ந்து இன்னும் நிறைய உண்டாக்கினார்.

ஹூபி (வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கழுத்தை அறுக்கும் காலரோடு நடுவில் நின்றான். அவனை ஏற்றுக்கொள்ள ஜெனரல் ரூக் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். இடது காலில் கீல்வாதம். விசேஷத்துக்கென்று புது பூட்ஸ் வேறு. ராஜாவை வளர்த்ததும் இவரேதான்.

சடங்குகளின் அதிகாரி சீமாட்டி ஷ்னார்பெக், இளவரசனின் கையை எடுத்து ஜெனரலின் கையில் வைத்தார். இனி ராணி எழ வேண்டும். எழுந்து இடது கதவு வழியே போக வேண்டும். பிறகு ஜெனரல் பையனோடு வலது கதவு வழியே போவார். பிறகு எல்லோரும் வாத்துக்குப் போவார்கள்.

ஹூபி திரும்பி அம்மாவைப் பார்த்தான். அழவில்லை. அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மோவாய் மட்டும் ஆடியது.

சிடோனி எழப் பார்த்தாள். முட்டி கேட்கவில்லை. திட்டமும் இல்லை, தந்திரமும் இல்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். கால் வரவில்லை, அவ்வளவுதான்.

சீமாட்டி குனிந்து கிசுகிசுத்தார். "மகாராணி எழுந்தருளணும்."

"எழுந்தா?"

"எல்லாரும் போகலாம், மகாராணி."

"எழலேன்னா?"

சீமாட்டி ஷ்னார்பெக்கிடம் அது இத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் விதியைச் சொல்லாமலிருக்க அவரால் முடியாது. "ராணி எழாம... இந்த அறையை விட்டு யாரும் வெளிய போகக் கூடாது."

"யாருமேவா?"

"மன்னர் போகலாம். அவர் எழுந்து போனா நீங்களும் எழுந்து பின்னாடி போயே ஆகணும். மத்தபடி... யாருமே."

"சாயங்கால மணி அடிச்சிட்டா?"

சீமாட்டியின் குரல் இன்னும் சன்னமானது. "மார்ட்டின் நாள் முடிஞ்சுபோயிடும். அடுத்த வருஷம்தான்."

சிடோனி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பாவாடையைச் சரி செய்துகொண்டாள். சமையலறைப் பக்கமிருந்து முதல் வாசனை வந்தது.

*

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராணி ஏதோ யோசிக்கிறாள் என்றிருந்தார்கள். பெரிய ராணிக்குத்தான் முதலில் உறைத்தது.

"என்னம்மா சிடோனி, கால் மரத்துப்போச்சா?"

"இல்ல அத்தை. சௌக்கியமா இருக்கு. நல்ல நாற்காலி."

"அது என் மாமியார் நாற்காலி."

"அதான் இவ்வளவு உறுதியா இருக்கு."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பெரிய ராணி திரும்பிப் பார்த்ததும் இருமல் குணமாகிவிட்டது.

"நம்ம வீட்டுல இப்படியெல்லாம் பண்றதில்லம்மா."

"நான் ஒண்ணுமே பண்ணலயே அத்தை. சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

பெரிய ராணி போதகரைப் பார்த்தார். "போதகரே, ஒரு ஜெபம் சொல்லுங்க. ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்திருக்கணும்."

போதகர் காலையில் மூன்று கிண்ணம் பீர் சூப் குடித்திருந்தார். வெளியே போக வேண்டிய அவசரம் அந்த அறையிலேயே அவருக்குத்தான் அதிகம். எனவே உருக்கமாகத் தொடங்கினார்: "எழுந்து நிற்போம், பரலோகப் பிதாவே..."

சிடோனி நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து முழங்காலில் விழுந்தாள். கைகூப்பினாள். ஆமென் சொன்னதும் பின்னாலேயே நகர்ந்து நாற்காலியில் ஏறிக்கொண்டாள். நிற்கவே இல்லை.

"மண்டியிடறது நிக்கறதுல சேருமா?" என்று பெரிய ராணி சீமாட்டியைக் கேட்டார்.

"சேராது, பெரிய மகாராணி. மண்டியிடறது உட்கார்றதுக்கும் கீழ."

போதகர் கால்களைப் பின்னிக்கொண்டு இன்னொரு ஜெபத்தில் இறங்கினார். இந்த முறை சத்தம் வரவில்லை. சொந்த ஜெபம் போலிருக்கிறது.

கதவருகே ஒரு சேவகன் தோன்றினான். சேவகர்களுக்கு விதி கிடையாது, அவர்கள் வரலாம் போகலாம். "சமையற்காரர் சொல்லச் சொன்னார். வாத்து தயாரா இருக்கு."

யாரும் அசையவில்லை.

சற்றுப் பொறுத்து மறுபடி வந்தான். "வாத்து பொன்னிறமா இருக்கு."

அடுத்த தடவை: "வாத்து கொஞ்சம் கறுக்குது."

அதற்கடுத்த தடவை அவன் முகமே வாடியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்களிடம் செய்தி சொல்கிறவன்போல மெதுவாகச் சொன்னான். "அடுப்பிலிருந்து இறக்கிட்டாங்க. நம்பிக்கைய விடல."

மண்டபத்தில் அன்று சுதந்திரமாக நடமாடியது ஒரே ஒரு ஜீவன்தான். பெரிய ராணியின் நாய், மோப்ஸ். சப்பை மூக்கு, சுருட்டை வால். விதிகள் எழுதப்பட்டபோது நாயைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அது இடது கதவு வழியே போய், நெடுநேரம் கழித்து வலது கதவு வழியே வந்தது. வாயோரம் பளபளவென்று கொழுப்பு. நாக்கைச் சுழற்றி நக்கிக்கொண்டு மந்திரிசபையின் நடுவே படுத்தது. நிதி மந்திரி அதைப் பார்த்த பார்வையை ஒரு மனிதன் நாயைப் பார்க்கும் பார்வை என்று சொல்ல முடியாது.

பெரிய ராணி சட்டென்று எழுந்தார். "நான் போறேன். வயசானவ."

ஆனால் அவர் முன்னால், ஒட்டடைக்குச்சி போல மெலிந்த உடம்பு நடுங்க, சீமாட்டி ஷ்னார்பெக் நின்றார்.

"மன்னிக்கணும். ராணி எழாம யாரும்..."

"வழியை விடு. அந்த விதிய எழுதினதே நான்தான்!"

"ஆமாம், பெரிய மகாராணி," என்றார் சீமாட்டி, கண்ணில் நீரோடு. "'நானே கேட்டாலும் விடாதே'ன்னு சொல்லிக் கொடுத்ததும் நீங்கதான்."

பெரிய ராணி உட்கார்ந்தார். தன் கையால் நட்ட மரத்திலேயே முட்டிக்கொண்டவர் முகம்.

*

வெளிச்சம் மங்கியது. ஜெனரல் ரூக் இன்னும் இளவரசனின் கையைப் பிடித்தபடியே நின்றார். கொடுத்த கையை விடக்கூடாது.

"ஜெனரல் தாத்தா."

"ஜெனரல் மட்டும் சொல்லணும், இளவரசே."

"ஜெனரல், கால் வலிக்குது."

"வீரனுக்குக் கால் வலிக்காது."

"உங்களுக்கு?"

ஜெனரல் எதிர்ச் சுவரை முறைத்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஹூபி சற்று யோசித்து, அவருடைய இடது பூட்ஸ் மேல் உட்கார்ந்தான்.

ஜெனரலின் மீசை இரண்டு பக்கமும் நேராக நின்றது. "அந்தக் கால் வேணாம், ராசா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்தக் கால்ல... ம். அப்படி. சாஞ்சுக்க."

ஹூபி வலது காலில் சாய்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டான். போர்க்களத்தில் குதிரை செத்து விழுந்தபோதும் நகராத ஜெனரல், இப்போதும் நகரவில்லை. மூச்சைக்கூடக் கொஞ்சமாகத்தான் விட்டார்.

சிடோனி பார்த்துக்கொண்டே இருந்தாள். பையன் தூங்குகிறான், கை போன இடத்தில் கை. ஒரு கை ஜெனரலின் பிடியில், இன்னொன்று வாயோரம். இந்தக் கையை நாளைக்கு ஒருவர் விளக்கோடு வந்து நேராக்குவார்.

ஜன்னலுக்கு வெளியே சின்னக் குரல்கள் கேட்டன. மார்ட்டின் நாள் மாலையில் ஊர்ப் பிள்ளைகள் கிழங்கைக் குடைந்து, உள்ளே மெழுகுவத்தி வைத்து, வீடு வீடாகப் பாடிப் பலகாரம் வாங்குவார்கள். இன்று வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். பெரியவர்களும் வந்திருந்தார்கள்.

"என்ன சத்தம்?" என்றார் பெரிய ராணி.

சேவகன் நெளிந்தான். "மகாராணியால நாற்காலிய விட்டு எழுந்திருக்க முடியலன்னு ஊருக்குள்ள செய்தி போயிருக்கு. பிரசவ வலின்னு பேசிக்கிறாங்க. ரெட்டைப் பிள்ளைன்னு ரொட்டிக்கடைக்காரர் அடிச்சுச் சொல்றாராம்."

கீழேயிருந்து "ராணி வாழ்க!" என்று ஒரு முழக்கம் வந்தது. "ரெண்டு பேரும் வாழ்க!" என்று இன்னொன்று.

பெரிய ராணி அதற்கு மேல் பொறுக்கவில்லை. இதுவரை எடுக்காத ஆயுதத்தை எடுத்தார். மகனின் பக்கம் திரும்பினார்.

"எபர்ஹார்ட். போதும். மணி அடிக்கப் போகுது. எழுந்திரு."

ராஜா அம்மாவைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு மோப்ஸைப் பார்த்தார், அதுவாவது ஒரு வழி சொல்லும் என்பதுபோல. மோப்ஸ் கொட்டாவி விட்டது.

ராஜா எழுந்தார்.

 அவர் கதவைத் தாண்டினால் சிடோனியும் எழ வேண்டும். எழுந்தால் ஜெனரல் நடக்க வேண்டும். அவ்வளவுதான், முடிந்தது. கூட்டம் முழுவதும் அவர் பூட்ஸைப் பார்த்தது. பூட்ஸ் கதவை நோக்கி நடந்தன. ஒன்று, இன்னொன்று.

"எபர்," என்றாள் சிடோனி. சபை நடுவே, அத்தனை பேர் காதிலும் விழும்படி. "நீ காலைல சொன்னியே, வாசனைன்னு. என்ன வாசனை?"

ராஜா கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றார்.

திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"வாத்து," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கும் வாத்துதான். இந்தக் கதவுவரைக்கும் வாசனை வந்துச்சு. ஜெனரல் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன், நீங்கள்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிட்டிருந்தீங்க. எனக்கு அந்தப் பக்கம் கஞ்சி. உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி."

"உப்பு போட்டேனே, மன்னரே," என்றார் ஜெனரல் தாழ்ந்த குரலில்.

"போடல."

"போட்டதா ஞாபகம்."

"நான்தானே சாப்பிட்டேன்." ராஜா திரும்பினார். ராஜாவான நாள் முதல் அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சீமாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் வருஷா வருஷம் வாத்து சாப்பிடறேன். அந்த வாத்து மட்டும் இன்னும் கிடைக்கல."

 பெரிய ராணியின் விசிறி மடியில் விழுந்தது.

"உனக்கு ஒரு கால் எடுத்து வச்சேன்," என்றார் அவர். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "அனுப்ப விடல. ஆண்கள் பக்கம் சாப்பாடு அனுப்பக் கூடாதுன்னாங்க. மூணு நாள் வச்சிருந்தேன். அப்புறம் நாய்க்குப் போட்டுட்டேன்."

அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை.

"வாத்தை இங்க கொண்டு வாங்க," என்றார் ராஜா.

"இங்கயா?" என்று கதறினார் சீமாட்டி. "இங்க மேசையே இல்லையே!"

"வாத்து இருக்கில்ல?"

*

வாத்து வந்தது. செருப்புத் தோல்போல வறண்டு, கருத்து, ஒரு கால் குறைவாக. மோப்ஸ் மண்டபத்தின் மறுகோடிக்கு நகர்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

ராஜா ராணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜெனரலின் பூட்ஸிலிருந்து மகனைத் தூக்கி மடியில் வைத்து, மிச்சமிருந்த ஒரே காலைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தார். ஹூபி கண்ணைத் திறக்காமலே கடித்தான். தனக்கு ராஜா கழுத்துத் தோலைக் கிழித்துக்கொண்டார். மென்றார். நெடுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?" என்றாள் சிடோனி.

"கண்றாவி," என்றார் ராஜா, முகமெல்லாம் சிரிப்பாக. இன்னொரு துண்டு எடுத்தார்.

மந்திரிகள் நின்றபடியே கையால் தின்றார்கள். சிவப்பு முட்டைக்கோஸை எப்படிக் கையால் தின்பது என்று வெளியுறவு மந்திரி மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். சிடோனியின் உத்தரவில் ஜெனரலுக்கு ராஜாவின் கால்மணை வந்தது. உட்கார மாட்டேன் என்று மரியாதைக்கு இரண்டு முறை சொன்னார், மூன்றாம் முறை சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கோயில் மணி அடித்தது.

சிடோனி எழுந்தாள். இத்தனை நேரம் உட்கார்ந்த கால்கள் இரண்டும் பஞ்சாகி, நேராக ராஜாவின் தோளில் போய் விழுந்தாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்த ஊர்ப் பிள்ளைகள் விளக்குகளைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். போதகர் ஓடினார். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

*

இடப்பக்கத்துத் தாழ்வாரத்தில் சிடோனி முன்னே நடந்தாள். பின்னால் ஒரு சேவகன் ஹூபியின் பெட்டியைத் தூக்கி வந்தான். ஹூபியை முன்னாலேயே தூக்கிப்போய், வாத்துக் கொழுப்புக் கறையோடு கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இன்னொரு முழு வருடம். தலையணையோடு, மரக்குதிரையோடு, கை போன இடத்தில் கையோடு. அவளுக்குப் பாடலாம் போலிருந்தது. கொஞ்சம் பாடவும் செய்தாள்.

பிள்ளையின் அறை வாசலில் நின்றுவிட்டாள். அங்கே ஏற்கெனவே பெட்டிகள் இருந்தன. பெரிய பெட்டிகள். தொப்பிப் பெட்டி, விக் பெட்டி, ஒரு கிளிக்கூண்டு. கிளி அவளைப் பார்த்து, "முதுகை நிமிர்த்து!" என்றது. பின்னாலேயே மோப்ஸ் வந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

உள்ளே விளக்கடியில் பெரிய ராணி, தன் தலையணைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை... இதென்ன?"

"வழக்கப்படிதான். இன்னும் ஒரு வருஷம் புள்ள பெண்கள் கையில. அதானே?"

"ஆமா..."

"நானும் பெண்தானேம்மா." ஒரு தலையணையைத் தட்டி ஹூபியின் தலைக்கடியில் வைத்தார். கொழுப்பு ஒட்டிய அவன் கையைப் பிடித்தார். நேராக்குவதற்குப் போலத்தான் பிடித்தார். கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்திருந்தார். "என் பிள்ளை இந்த வயசுல போயிட்டான். இதுக்கு மேல ஒரு பையன் எப்படி இருப்பான்னு நான் பார்த்ததே இல்ல."

சிடோனிக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அப்புறம், சிடோனி," என்றார் பெரிய ராணி, "இந்தத் திரைச்சீலை எனக்குப் பிடிக்கல. மாத்திடணும். காலைல அஞ்சு மணிக்குப் பச்சைத் தண்ணி குளியல். மரக்குதிரை மாடிக்குப் போகட்டும். கத்துக் குடுக்க நிறைய இருக்கு."

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்தார். சிடோனியின் முகத்தைப் பார்த்தபடியே, நிதானமாக, பாவாடையைச் சரி செய்துகொண்டு, அதில் உட்கார்ந்தார்.

எழுந்திருக்கும் உத்தேசம் எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை.